மாணவர் மடலும் கல்லூரி ஆணையும்

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழர்க்குச் சரோஜினி நகர் என்னும் பெயர் புதிதன்று. முன்னர் வினய் நகர் என்று வழங்கிய இக்குடியிருப்பில், மத்திய அரசாங்கக் காரியாலயங்களில் வேலை ஏற்று வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைக் கணக்கில் வாழ்ந்துள்ளன. இங்குள்ள விநாயகர் கோயிலும் அங்காடியும் அக்குடும்பங்களின் வாழ்வோடு கலந்தவை. ஊரைப் பிரிந்து வந்தோர்க்கு அந்நாளில் தபால்காரரே உற்ற துணைவர். அவர் கொணர்ந்த மடல்கள் பெரும்பாலும் இரு வகையின: ஒன்று கார்டு, மற்றொன்று கவர். மழை பெய்தது, பசு கன்று ஈன்றது, பாட்டிக்கு உடம்பு தேவலை என்பன போன்ற செய்திகள் கார்டில் வரும். அதைத் தபால்காரர் படித்தாலும் பக்கத்து வீட்டார் படித்தாலும் எவர்க்கும் வருத்தமில்லை. பெண்ணுக்குப் பார்த்த வரன், தீராத கடன், தம்பியோடு நேர்ந்த மனத்தாங்கல் ஆகியவை கவரில் வரும். ஒட்டிய கவரைப் பிறர் பிரித்தல் தகாது என்பதை எவரும் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அது குடும்ப மரியாதையின் ஒரு பகுதியாக இருந்தது.

அவ்வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். சிலர் தில்லியிலேயே படிக்க, சிலர் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் சென்று விடுதிகளில் தங்குகின்றனர். அவர்கள் கார்டு எழுதுவதில்லை, கவர் ஒட்டுவதுமில்லை. இரண்டும் கைபேசி ஒன்றினுள் அடங்கிவிட்டன. இன்ஸ்டாகிராமில் ஊரறியப் போடும் படம் கார்டு போன்றது. வாட்ஸப்பில் தோழி ஒருத்திக்கு மட்டும் எழுதும் சொல் கவர் போன்றது. கடவுச்சொல்லே அக்கவரின் ஒட்டு. அந்த ஒட்டைப் பிரிக்கக் கல்லூரி நிர்வாகத்திற்கு உரிமை உண்டா? பிரிக்காமலே, 'நீ எழுதுவதெல்லாம் எம் பார்வையில் இருக்கட்டும்' என்று ஆணையிட உரிமை உண்டா? கைபேசியோடு பிறந்த புதுக் கேள்விகள்போல இவை தோன்றும். ஆயினும் இவற்றுக்கு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இக்குடியிருப்புக்குப் பெயர் தந்த சரோஜினி அம்மையாரின் மாணவப் பருவத்திலிருந்தே தொடங்கலாம். 1879-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷன் தேர்வில் தேறிப் புகழ் பெற்றார். 1895-ஆம் ஆண்டு நிஜாமின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லண்டனில் கிங்ஸ் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார். அங்கிருந்து அவர் டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவுக்கு மனம் திறந்து மடல்கள் எழுதினார். வங்காள அந்தணக் குடும்பத்துப் பெண்ணுக்கும், தெலுங்கு பேசும் வேற்று வகுப்பைச் சார்ந்த மருத்துவருக்கும் இடையே அரும்பிய அந்த அன்பு, அக்காலச் சமூகம் எளிதில் ஏற்கக் கூடியதன்று. நாடு திரும்பிய பின், 1898-இல் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். அம்மடல்கள் நூலில் ஏறி உலகின் பார்வைக்கு வந்தது, அம்மையார் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே. எழுதிய நாளில் அவை ஒருவர் கண்ணுக்கென்றே எழுதப்பட்டவை. ஒரு மாணவியின் உள்ளம் உருப்பெறுவதற்கு அத்தகைய தனிமை வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, கல்லூரியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆசிரியர் பெற்றோரின் ஸ்தானத்தில் இருப்பவர் என்னும் கருத்து நம் குருகுலங்களிலும் உண்டு. ஆங்கிலேயச் சட்டத்திலும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்டத்தைத் தொகுத்து எழுதிய பிளாக்ஸ்டன் என்னும் அறிஞர், தந்தை தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்றார். எனினும் அவர் அதற்கு ஓர் எல்லையும் வகுத்தார். ஆசிரியர் எப்பணிக்காக அமர்த்தப்பட்டாரோ, அப்பணிக்கு வேண்டிய அளவே அவ்வதிகாரம் செல்லும் என்பது அவர் கூற்றின் கருத்து. பிற்காலத்தார் அதிகாரத்தை நினைவில் வைத்தனர், அளவை மறந்தனர்.

அளவை மறந்ததன் முதற்பெரும் விளைவை 1905-ஆம் ஆண்டில் காண்கிறோம். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டெழுந்த காலம் அது. 1905 அக்டோபர் 10-ஆம் நாள் வங்காள அரசாங்கத்தின் சார்பில் கார்லைல் என்னும் அதிகாரி மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அந்நியத் துணி விலக்கு முதலிய கிளர்ச்சிகளில் மாணவர் கலவாதவாறு பள்ளி, கல்லூரித் தலைவர்கள் தடுத்தல் வேண்டும். தடுக்கத் தவறிய நிலையங்கள் அரசாங்க மானியத்தை இழக்கும். அவற்றின் மாணவர் உதவித்தொகை பெறும் தகுதியை இழப்பர். தேவை நேர்ந்தால் ஆசிரியர்களையே விசேஷக் காவலர்களாக நியமிக்கலாம் என்பன அதன் சாரம். கற்பிக்கும் ஆசிரியரையே காவலராக்க முனைந்த ஆணை அது. மாணவன் வகுப்பில் செய்த குற்றம் எதையும் அது பேசவில்லை. வகுப்பு முடிந்த பின் அவன் எங்கே நின்றான், யாரோடு நின்றான் என்பதையே பேசிற்று.

அந்த ஆணைக்குப் பணிய மறுத்தோர் பலர். ரங்கபூரில், கூட்டத்திற்குச் சென்றதற்காக அபராதம் விதிக்கப்பட்ட மாணவர்களின் பொருட்டு, 1905 நவம்பரில் தேசியப் பள்ளி ஒன்று தோன்றியது. கல்கத்தாவில் மாணவர்கள் 'சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம்' என்றே பெயரிட்டு ஒரு சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டு, கிழக்கு வங்காளம், அஸ்ஸாம் மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் பாம்ஃபைல்டு புல்லர், சிராஜ்கஞ்சில் இருந்த இரு பள்ளிகளின் அங்கீகாரத்தை நீக்குமாறு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைக் கேட்டார். இந்திய அரசாங்கமோ அக்கோரிக்கையைத் திரும்பப் பெறுமாறு அவருக்கு அறிவுறுத்தியது. அதனை ஏற்க மனமின்றி, 1906 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். மாணவரை அடக்கப் புறப்பட்ட ஆணை, மாகாணத்தையே ஆண்ட அதிகாரியின் பதவியைக் கொண்டுபோயிற்று.

இச்செய்தி வங்காளத்தோடு நிற்கவில்லை. நம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1907-ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் சென்னை மாகாணத்தில் சுற்றுப்பயணம் செய்து சொற்பொழிவாற்றினார். அதனால் ஊக்கமுற்ற ராஜமகேந்திரபுரம் அரசாங்கப் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள், 'வந்தே மாதரம்' என்று பொறித்த சின்னத்தைச் சட்டையில் அணிந்து வந்தனர். கல்லூரி முதல்வராயிருந்த மார்க் ஹண்டர் அதனைத் தடுத்தார். ஹரிசர்வோத்தம ராவ் என்னும் மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னாளில் ஆந்திர நாட்டின் புகழ் பெற்ற தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர் அவரே. அதே 1907 மே மாதத்தில் இந்திய அரசாங்கத்தின் உள்துறைச் செயலாளர் ரிஸ்லி விடுத்த சுற்றறிக்கை, மாணவரின் அரசியல் ஈடுபாட்டைத் தடுக்கும் விதிகளை நாடு முழுமைக்கும் விரித்தது.

சட்டையில் அணிந்த ஒரு சிறு சின்னத்திற்கும் இன்றைய மாணவர் கைபேசியில் வைக்கும் ஒரு படத்திற்கும் உள்ள வேற்றுமை கருவியில் மட்டுமே உள்ளது. ஆயினும் ஒரு பெரிய மாறுதல் உண்டு. அன்றைய கல்லூரி, மாணவன் வெளியே காட்டியதை மட்டுமே காண முடிந்தது. அவன் பெட்டியில் இருந்த மடலைப் படிக்க விரும்பினால், பெட்டியைத் திறந்தாக வேண்டும். தபாலில் செல்லும் கடிதத்தை இடைமறிக்க அரசாங்கமே விரும்பினாலும், 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தின்படி பொதுஜனப் பாதுகாப்பு முதலிய காரணம் இருந்தாக வேண்டியிருந்தது. எழுத்து மூலமான ஆணையும் வேண்டியிருந்தது. விடுதிக் காப்பாளருக்கு அச்சட்டம் அத்தகைய அதிகாரம் எதனையும் தரவில்லை. பிள்ளைகளுக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்த்த காப்பாளர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் வழக்கத்தின் பலத்தால் செய்தனரேயன்றிச் சட்டத்தின் பலத்தால் செய்யவில்லை.

நாடு விடுதலை பெற்று, 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமையும் உயிர் வாழும் உரிமையும் அதில் இடம்பெற்றன. அந்தரங்க உரிமை என்னும் சொல் அதில் இல்லை. 1954-இல் எட்டு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம், அத்தகைய உரிமையை அரசியல் சட்டத்தினுள் காணவில்லை. 1962 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தில் காவலர் இரவு நேரத்தில் ஒருவரது வீட்டுக் கதவைத் தட்டிச் சோதித்துவந்த வழக்கைக் கரக் சிங் வழக்கில் நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையாகாது என்றே பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சுப்பா ராவோ, அது தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்று வேறுபட்டு எழுதினார். 1994-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றே இவ்வுரிமைக்கு வலுவூட்டியது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வார இதழ் வெளியிட முற்பட்டபோது எழுந்த அவ்வழக்கில், பிறர் தலையீடின்றித் தனித்து விடப்படும் உரிமை உயிர் வாழும் உரிமையுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. இறுதியாக, 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அரசாங்கம் அதில் தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். நேரிய நோக்கம் வேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்கு வேண்டிய அளவை மீறலாகாது என்பன அத்தீர்ப்பில் வகுக்கப்பட்ட அளவுகோல்கள். பிளாக்ஸ்டன் ஆசிரியர்க்கு வகுத்த அளவு நினைவுக்கு வருகிறதன்றோ?

அத்தீர்ப்பு வந்து இரண்டாண்டு நிறைவதற்குள், தில்லியிலிருந்தே மீண்டும் ஒரு சுற்றறிக்கை பிறந்தது. 2019 ஜூலை மாதத் தொடக்கத்தில், அந்நாளில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் கொண்டிருந்த கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விச் செயலாளர், நாட்டின் உயர்கல்வி நிலையங்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஒவ்வொரு நிலையமும் சமூக ஊடகப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் வேண்டும்; நிலையத்தின் நற்செய்திகளை வாரந்தோறும் வெளியிடுதல் வேண்டும்; மாணவர் அனைவரின் ட்விட்டர், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளையும் நிலையத்தின் கணக்கோடும் அமைச்சகத்தின் கணக்கோடும் இணைத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். ஆசிரியரும் மாணவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நற்பணிகளைப் பலரும் அறியச் செய்வதே நோக்கம் என்றும், மாணவரைக் கட்டுப்படுத்தும் எண்ணம் இல்லை என்றும் பின்னர் விளக்கம் தரப்பட்டது.

நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். 1905-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோடு இதனை ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று. அது தண்டனையைக் காட்டி அச்சுறுத்தியது. இது அவ்வாறு செய்யவில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது. மதிப்பெண்ணும் சான்றிதழும் விடுதி இடமும் எவர் கையில் உள்ளனவோ, அவர் 'இணைத்துக்கொள்' என்று கேட்டால், பதினெட்டு வயது மாணவர்க்கு அது வேண்டுகோளாகப் படுவதில்லை, கட்டளையாகவே படும். தம் எழுத்து கல்லூரியின் பார்வையிலும் அமைச்சகத்தின் பார்வையிலும் உள்ளது என்று அறிந்த மாணவர், உணவு விடுதியின் சாம்பாரைப் பற்றிக்கூட ஒரு சொல் எழுதத் தயங்குவர். தண்டனை வருமுன்னரே நா அடங்கிவிடும்.

அதே ஆண்டில் கேரளத்தில் ஒரு மாணவி அடங்க மறுத்தார். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியின் மகளிர் விடுதியில், கைபேசியைக் குறித்த நேரத்தில் பயன்படுத்தலாகாது என்று விதி இருந்தது. முதலில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இருந்த தடை, பின்னர் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என மாற்றப்பட்டது. அதுவே படிக்கும் நேரம் என்று நிர்வாகம் கருதியது. பாடத்திற்கு வேண்டிய செய்திகளைத் தேடுவதற்கும் அதுவே நேரம் என்று மாணவி கருதினார். விதியை ஏற்க மறுத்த அவர், விடுதியிலிருந்து வெளியேறுமாறு பணிக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்தை நாடினார். 2019 செப்டம்பர் 19-ஆம் நாள் நீதிபதி பி. வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி. அந்தரங்க உரிமையின் பகுதியுமாம். ஒழுங்கு என்னும் பெயரால் அறிவு பெறும் வழியை அடைத்தல் ஆகாது. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்றார். மாணவி பிறர்க்கு இடையூறு செய்யலாகாது என்னும் பொறுப்பையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே வாதம் நிகழ்ந்துள்ளது. அமெரிக்கக் கல்லூரிகள் சில, தம் விளையாட்டு வீரர்களாகிய மாணவரின் சமூக ஊடகக் கணக்குகளைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, மாநிலங்கள் சட்டம் இயற்ற முன்வந்தன. 2012 ஜூலையில் டெலவேர் மாநிலமும் அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவும், கல்லூரிகள் மாணவரிடம் கடவுச்சொல் கேட்பதைத் தடுத்தன. 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவி ஒருத்தி விடுமுறை நாளில், பள்ளிக்கு வெளியே, சினம் மிகுந்து எழுதிய சில சொற்களுக்காக அவளை விளையாட்டு அணிக்கு உற்சாகமூட்டும் குழுவினின்று விலக்கிய பள்ளியின் செயலைத் தவறெனத் தீர்த்தது. பள்ளியின் கை பள்ளிக்கு வெளியேயும் நீளுமாயின், மாணவர்க்கு நாளில் இருபத்து நான்கு மணி நேரமும் பேச இடமின்றிப் போகும் என்பது அத்தீர்ப்பின் கவலைகளுள் ஒன்று.

நம் நாட்டில் கல்லூரி மாணவரிடம் கடவுச்சொல் கேட்கலாகாது என்று வெளிப்படையாகக் கூறும் தனிச் சட்டம் இல்லை. 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது விவரத்தைப் பெறுவோர் அவருடைய சம்மதத்தைப் பெறல் வேண்டும் என்றும், அச்சம்மதம் நிர்ப்பந்தமின்றித் தெளிந்து தரப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்றும் பொதுவாகக் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அவ்வறிவிப்பிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. பதினெட்டு வயது நிரம்பாதவரின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிலையங்களுக்கு விதிகள் விலக்களிக்கின்றன. மேலும், ஒருவர் தாமே ஊரறிய வெளியிட்ட விவரத்திற்கு அச்சட்டம் பொருந்தாது. அதாவது, கவருக்கே காப்பு; கார்டுக்கு இல்லை. இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் மிக அவசியம்.

இங்கே நிர்வாகத்தின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமைக்கு இரையாகிக் கொலையுண்டதையும், அதனையொட்டி 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றியதையும் தமிழர் மறந்திலர். இன்று அக்கொடுமை கைபேசி வழியும் வருகிறது. மூத்த மாணவர் வாட்ஸப் குழு அமைத்துப் புதியவரை இழிவுபடுத்துதலும் ராகிங்கே என்று 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. அதனைத் தடுப்பது கல்லூரியின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் தடுக்கும் முறை இரண்டு உண்டு. துன்புற்ற மாணவர் கொடுத்த முறையீட்டைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விசாரணை செய்தல் ஒன்று. முறையீடு வருமுன்னரே எல்லா மாணவரின் மடலையும் திறந்து வைத்தல் மற்றொன்று. முன்னதில் கல்லூரி தன் பணிக்கு வேண்டிய அளவு அதிகாரத்தைச் செலுத்துகிறது. பின்னதில் அளவைக் கடக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்பதற்காகத் தெரு முழுவதன் பெட்டிகளையும் உடைத்துப் பார்ப்பார் இல்லை.

அன்பர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாதெனில், மாணவரின் அந்தரங்கத்தில் தலையிட்ட ஆணைகள் பலவும் அவர்களின் நன்மை என்னும் பெயராலேயே வந்துள்ளன. ஆணைக்கு எல்லை வகுத்தது நிர்வாகத்தின் தயவன்று, ஒருவர் எழுந்து 'இதற்கு அதிகாரம் எங்கே உள்ளது?' என்று கேட்ட கேள்வியே என்பதாம். ரங்கபூர் மாணவர் அதைக் கேட்டனர். சேளன்னூர் மாணவி அதைக் கேட்டார். தொலைவில் வாழும் பெற்றோராகிய நாம் அக்கேள்விக்குத் துணை நிற்கின்றோமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும். பிள்ளை கண்ணுக்கு எட்டாத ஊரில் இருக்கும்போது, 'கல்லூரி கடுமையாகக் கண்காணிக்கிறது' என்று கேட்டால் நம் மனம் ஆறுதல் கொள்கிறது. சேர்க்கைப் படிவத்தில் எதன்கீழ் கையொப்பமிடுகிறோம் என்று பாராமலே கையொப்பமிடுகிறோம். அப்படிவத்தைப் பிள்ளையோடு அமர்ந்து படித்தல் நலம். எந்த விவரம் எதற்காகக் கேட்கப்படுகிறது, எத்தனை காலம் வைக்கப்படும் என்று எழுத்து மூலம் கேட்டல் முறை. கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் தரவேண்டுவதில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டும். நாமும் கேளாதிருத்தல் வேண்டும்.

சரோஜினி நகரின் பழைய அரசாங்கக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்திற்கு 2016-இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. தாழ்ந்த வீடுகள் பல இடிபட்டு, உயர்ந்த மாடிகள் எழுந்துள்ளன. தபால்காரர் கார்டு கொணர்வதும் அருகிவிட்டது. எனினும், மேசைமேல் கிடக்கும் ஒட்டிய கவரைப் பார்த்து, 'அவள் வந்து பிரித்துக்கொள்ளட்டும்' என்று எடுத்து வைத்த அந்தப் பழைய தமிழ்க் குடும்பத்து மரியாதையை நாம் கைவிட வேண்டுவதில்லை. அதைக் கல்லூரியிடம் எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு; அதற்கு முதற்படியாக, நம் வீட்டில் அதனைக் காத்தல் நம் கடமை.